லாட்ஜ் பதிவேட்டைக் காவல் நிலைய வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்கிறார்கள். எதுவரை கொடுக்கலாம்?

கேள்வி: ‘14 அறைக்காரர்’, கன்னியாகுமரி

கடற்கரையிலிருந்து மூன்றாவது தெருவில் 14 அறை உள்ள லாட்ஜ் நடத்துகிறேன். 1987இல் அப்பா தொடங்கியது. ‘அறையிலிருந்தே சூரிய உதயம்’ என்று பலகையில் எழுதியிருக்கிறோம். மொட்டை மாடிக்கு ஏறித் தண்ணீர்த் தொட்டியின் ஓரமாக நின்றால்தான் தெரியும். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இனிச் சொல்வதையாவது நீங்கள் நம்ப வேண்டும்.

இரண்டு வருடமாக எங்கள் பகுதி லாட்ஜ்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காவல் நிலையத்திலிருந்து தொடங்கினார்கள். அன்றன்று தங்குபவர்களின் பெயர், ஊர், தொலைபேசி எண் எழுதிய பதிவேட்டுப் பக்கத்தையும் ஆதாரின் இரண்டு புறங்களையும் படமெடுத்து இரவு 10 மணிக்குள் அதில் போட வேண்டும். தீவிரவாதத் தடுப்பு என்றார்கள். எழுத்தில் உத்தரவு எதுவும் இல்லை, வாய்ச்சொல்தான். நானும் போட்டுவந்தேன். கார்த்திகை பிறந்து மாலை போட்ட சாமிமார் வரத் தொடங்கிவிட்டால் ஒரு பஸ்ஸுக்கு 50 ஆதார். தம்பி மகன் படமெடுத்து எடுத்துக் கை ஓய்ந்துபோவான்.

போன மாதம் நாசிக்கிலிருந்து ஓர் ஆசிரியை தனியாக வந்தார். ஐம்பது வயதிருக்கும். 7ஆம் எண் அறை. மறுநாள் காலை, நான் விளக்கேற்றிக்கொண்டிருக்கும்போது கைப்பேசியை நீட்டியபடி வந்து நின்றார். முந்தைய இரவு 11 மணிக்கு யாரோ அழைத்து, “மேடம், 7ஆம் எண் அறைதானே? நாளை திருவனந்தபுரம் போகக் கார் வேண்டுமா?” என்று இந்தியில் கேட்டிருக்கிறான். அவர் சத்தம் போடவில்லை. “இந்த எண்ணை நேற்று உங்கள் மேசையில் மட்டும்தான் எழுதினேன்” என்றார். இரண்டு நாளுக்கு வந்தவர் அன்றே கிளம்பிவிட்டார். மீதிப் பணத்தைக் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் பைக்குள் போட்டுக்கொண்டார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

அன்று மதியம் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று உட்கார்ந்து எண்ணினேன். 93 பேர். காவலர்கள் என்று எனக்குத் தெரிந்தவை பதினோரு எண்கள். மற்றதெல்லாம் லாட்ஜ் முதலாளிகள், மேலாளர்கள், வேலையை விட்டுப் போன மேலாளர்கள். அவர்களில் இரண்டு பேர் இப்போது வாடகைக் கார் ஓட்டுகிறார்கள்.

அப்பா காலத்துப் பதிவேடுகளை நான் தூக்கிப் போடவில்லை. சிவப்புத் துணி அட்டை போட்ட நீளப் புத்தகங்கள். ஏட்டையா இரவு 9 மணிக்கு மேல் சைக்கிளில் வருவார், டீ குடிப்பார், விரலை ஓட்டி வரி வரியாகப் படிப்பார், கடைசி வரியின் கீழே ‘பார்வையிட்டேன்’ என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுவார். 1991 மே மாதம் ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்ட மறுநாள் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரே இரவில் மூன்று முறை வந்திருக்கிறார்கள். மூன்று கையெழுத்து. மூன்றாவது பென்சிலில் இருக்கிறது, பேனா தீர்ந்துபோயிருக்க வேண்டும். அந்த இரவிலும் யார் பார்த்தார் என்பதற்குத் தடயம் இருக்கிறது. என் ஆசிரியையின் வரியை 93 பேரில் யார் பார்த்தார் என்பதற்கு ஒன்றும் இல்லை.

என்னை உரிமைப் போராளி என்று நினைத்துவிடாதீர்கள். 2008இல் மும்பைக்குள் கடல் வழியாக வந்து சுட்டபோது, மூன்று பக்கமும் கடல் உள்ள ஊரில் லாட்ஜ் வைத்திருப்பவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 2024இல் மே 30 முதல் ஜூன் 1 வரை பிரதமர் விவேகானந்தர் பாறையில் தியானத்தில் இருந்தார். அந்த நாட்களில் என் கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார்கள். நானே டார்ச் அடித்துக் காட்டினேன்.

எனவே கேள்வி இதுதான். சட்டப்படி நான் எதைக் கொடுத்தே ஆக வேண்டும்? எதை மறுக்கலாம்? மறுத்தால் அடுத்த முறை உரிமம் புதுப்பிக்கும்போது என்ன ஆகும் என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இது சட்டப் புத்தகத்தில் இருக்காது.

மறுமொழி: ‘ஓய்வு எஸ்.ஐ.’, மார்த்தாண்டம்

அண்ணாச்சி, 31 வருடம் காக்கி போட்டவன் சொல்கிறேன், கோபப்படாமல் கேளுங்கள்.

களியக்காவிளைச் சாவடியில் நானும் இரவுப் பணி பார்த்திருக்கிறேன். 2020 ஜனவரி 8 இரவு சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சனை அங்கே பணியில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். அந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்தவன். அன்று இரவு வீட்டில் சோறு இறங்கவில்லை. கேமராவில் முகம் பதிந்திருந்தது. ஒரு வாரத்துக்குள் உடுப்பி ரயில் நிலையத்தில் இரண்டு பேரைப் பிடித்தார்கள். பிறகு வழக்கு தேசியப் புலனாய்வு முகமைக்குப் போனது.

நம் மாவட்டத்தில் ஓர் ஆட்டோ பிடித்தால் எல்லையைத் தாண்டிவிடலாம். அந்தப் பக்கம் வேறு மாநிலம், வேறு மேலதிகாரி. ஒருவன் ராத்திரி இங்கே தங்கிவிட்டு விடிகாலையில் போய்விடுவான். ஏட்டு மறுநாள் சைக்கிளில் வந்து ‘பார்வையிட்டேன்’ என்று எழுதி என்ன பிரயோசனம்? சீசனில் ஓர் ஆள் எத்தனை மாடி ஏறி இறங்குவான்? நிலையத்தில் இருக்கும் ஆள்பலம் உங்களுக்குத் தெரியாததல்ல. பதிவு உடனே கைக்கு வர வேண்டும். வாட்ஸ்அப் அதற்காக வந்தது.

ஆனால் லாட்ஜ்காரர்கள் எல்லோரையும் ஒரே குழுவில் போட்டது தப்பு. கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். சோம்பல்.

‘14 அறைக்காரர்’

சோம்பல் என்று ஒப்புக்கொண்டீர்களே, அதுவே பெரிது. ஒன்று கேட்கிறேன் சார். ஏட்டையா என் லாட்ஜுக்கு வந்து பதிவேட்டைப் பார்த்தால் நிலையத்தில் அதற்கு ஏதாவது எழுத்து இருக்குமா?

‘ஓய்வு எஸ்.ஐ.’

போகும்போதும் வரும்போதும் பொது நாட்குறிப்பில் எழுத வேண்டும். எங்கே போனார், எத்தனை மணிக்குத் திரும்பினார், எல்லாம். எழுதாமல் விட்டு மெமோ வாங்கியவர்களும் உண்டு, நான் உட்பட. கைப்பேசியில் பார்த்ததை யாரும் எழுதுவதில்லை. அது உண்மைதான்.

மறுமொழி: ‘குழித்துறை வக்கீல்’

கேட்டவருக்கு வரிசையாகச் சொல்ல முயல்கிறேன். நடுவில் கிளை பிரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், தொழில் கோளாறு.

வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தெரிவித்தே ஆக வேண்டும். நீங்கள் ‘சி பாரம்’ என்று சொல்லிப் பழகியது. இதில் பேச்சுக்கே இடமில்லை, இன்றும் கட்டாயம். உள்நாட்டவர்களுக்கும் பதிவேடு வையுங்கள், அதிகாரி நேரில் வந்து கேட்டால் காட்டுங்கள். விசாரணையில் உள்ள வழக்குக்காகக் குறிப்பிட்ட ஆவணம் தேவை என்றால், நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்துமூலம் உத்தரவிட்டுக் கேட்க பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவு இடம் தருகிறது (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 91). அந்த எழுத்தைத்தான் உங்களுக்கு யாரும் தரவில்லை. ஒரு வழக்கும் இல்லாமல், தங்கும் ஒவ்வொருவரின் ஆதாரையும் தினமும் 93 கைப்பேசிகளுக்கு அனுப்பு என்று சொல்லும் சட்டம் எதையும் நான் பார்த்ததில்லை.

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அரசு அதில் தலையிடவே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. தலையிட ஒரு சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் போகக் கூடாது என்றார்கள். உங்கள் விஷயத்தில் நோக்கம் சரி. சட்டத்தைக் காணோம். அளவு மிஞ்சிவிட்டது. அதற்கு முன்பே, 1996இல், தொலைபேசி ஒட்டுக்கேட்பு வழக்கில், உள்துறைச் செயலர் நிலையில் உள்ளவர் உத்தரவிட வேண்டும், அந்த உத்தரவை ஒரு குழு பின்னர் பரிசீலிக்க வேண்டும் என்று விதித்தார்கள். உங்கள் அப்பாவின் பதிவேட்டில் ஏட்டையா போட்ட கையெழுத்தும் ஏறக்குறைய இதே காரியத்தைத்தான் செய்தது. அவருக்கு அது தெரிந்திருக்காது.

இதே லாட்ஜ் பதிவேடு விவகாரம் அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. போலீஸ் கேட்டவுடன் விடுதிக்காரர் பதிவேட்டைக் காட்டாவிட்டால் குற்றம் என்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் விதி இருந்தது. கொடுப்பதற்கு முன் நடுநிலையான ஒருவரிடம் முறையிட வாய்ப்பே தராமல் தண்டிப்பது செல்லாது என்று 2015இல் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. நம் ஊரில் அதைக் காட்டி வாதாட முடியாது. ஆனால் இந்தச் சங்கடம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல என்பதற்காகச் சொன்னேன்.

கிளை பிரிகிறேன். ‘பாதுகாப்பு, கொஞ்ச காலத்துக்குத்தான்’ என்ற பேச்சை நான் நம்புவதில்லை. தடா என்ற தீவிரவாதத் தடுப்புச் சட்டம் 1985இல் வந்தது, 1995இல் காலாவதியானது. அதே மாதிரிச் சட்டமான பொடா 2002இல் வந்தது, 2004இல் நீக்கினார்கள். நீக்கிய அதே வருடம் அதன் பல பிரிவுகள் 1967ஆம் ஆண்டின் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்துக்குள் குடியேறின. 2008இல் ஜாமீன் கிடைப்பது இன்னும் கடினமானது. 2019இல் அமைப்பை மட்டுமல்ல, தனி ஆளையும் தீவிரவாதி என்று அறிவிக்க வழி செய்தார்கள். வாடகைக்கு வந்தவர் வீட்டை எழுதி வாங்கிய கதை. ராஜீவ் கொலை வழக்கில் தடா நீதிமன்றம் 1998இல் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. மறு வருடம் உச்ச நீதிமன்றம் இது தடாவுக்குள் வராது என்றது. 19 பேர் வெளியே வந்தார்கள். உங்கள் 1991 பக்கத்தைப் பற்றிப் படித்ததும் எனக்கு அந்த 19 பேர்தான் நினைவுக்கு வந்தார்கள்.

உடனே செய்ய வேண்டியது: ஆதார் நகல் வாங்கினால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதார் வாங்குங்கள். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் ஓர் அலுவலகமே நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள் என்று எச்சரித்தது, இரண்டு நாளில் அதைத் திரும்பப் பெற்றார்கள். எச்சரிக்கையில் தப்பில்லை, அவசரத்தில்தான் தப்பு. இன்னொன்று, 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் முழுதாக நடைமுறைக்கு வந்தால் விருந்தினரின் தகவல் கசிந்ததற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க மத்திய அரசுக்கு அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. சுமை உங்களுக்கு, விலக்கு அவர்களுக்கு.

உரிமம் பற்றிய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நீங்கள் சொன்னது போல அது புத்தகத்தில் இல்லை.

மறுமொழி: ‘தூத்தூர்க்காரி’

லாட்ஜ் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கடலைப் பற்றிச் சொல்கிறேன்.

என் அண்ணன் ஆழ்கடலுக்குப் போகிறவர். சுறா பிடிக்க 30, 40 நாள் போவார்கள். நீங்கள் சொன்ன மும்பைத் தாக்குதலில் வந்தவர்கள் ‘குபேர்’ என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கடத்தி வந்தார்கள். அதன் பிறகுதான் எங்களுக்குக் கைரேகை அட்டை. கடலில் நிறுத்தி அட்டை கேட்பார்கள், உப்பு ஏறிய கையால் எடுத்துக் காட்ட வேண்டும். சரி, காட்டினோம். அந்தப் படகில் துராயா செயற்கைக்கோள் தொலைபேசி இருந்தது. அனுமதியில்லாமல் அதை வைத்திருந்தால் இங்கே குற்றம். கரையிலிருந்து சில கடல்மைல் தாண்டினால் கைப்பேசி செத்துவிடும். வயர்லெஸ் பெட்டியும் பக்கத்துப் படகு வரைக்கும்தான் பேசும்.

2017 நவம்பர் 30. ஒக்கி. எங்கள் ஆட்கள் புறப்பட்டுப் பல நாள் ஆகியிருந்தது. புயல் வருகிறது என்று சொல்ல ஒரு வழியும் இல்லை. வருடம் முழுவதும் அட்டை கேட்டவர்களுக்கு அந்த வாரம் எங்கள் படகுகள் எத்தனை வெளியே இருக்கின்றன என்று சொல்லத் தெரியவில்லை. நாங்களே வீடு வீடாகப் போய் நோட்டுப் புத்தகத்தில் எழுதினோம். டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் போய் உட்கார்ந்தோம். நானும் இருந்தேன், மடியில் என் அண்ணன் மகள். அண்ணன் திரும்பி வந்தார். எதிர்வீட்டில் வரவில்லை.

எனவே கண்காணிப்பு என்றவுடன் எனக்குக் கோபம் வருவதில்லை, என்னைப் பார்க்க வேண்டிய நாளில் பார்த்திருக்கலாமே என்றுதான் வருகிறது. இப்போது இஸ்ரோ செய்த கருவியைப் படகில் வைக்கிறார்கள். புயல் செய்தி வரும், ஆபத்து என்றால் பொத்தானை அழுத்தலாம், படகு எங்கே நிற்கிறது என்று கரையில் தெரியும். அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “நான் எந்த இடத்தில் மீன் பார்க்கிறேன் என்பதை அந்தத் திரையில் பார்ப்பவன் யார்?” எங்கள் அப்பா அந்த இடங்களை மலையையும் கோயில் கோபுரத்தையும் ஒரே நேரில் வைத்துக் குறிபார்த்துக் கண்டுபிடித்தவர். மகனுக்கே சாகும்வரை முழுதாகச் சொல்லவில்லை.

அண்ணன் கருவியை வைத்துக்கொண்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

மறுமொழி: ‘தக்கலைத் துணிக்காரன்’

சேலை கொண்டுபோய் ஊர் ஊராகக் கொடுப்பவன். மாதத்தில் பத்து இரவு லாட்ஜில்தான். எல்லோருடைய அட்டையையும் வாங்குகிறார்கள் என்றால் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. ஆனால் 2020க்குப் பிறகு என் பெயரைப் படித்ததும் சில மேசைகளில் முகம் மாறும். ‘காலி இல்லை’ என்பார்கள். எனக்குப் பின்னால் வந்தவருக்குச் சாவி கொடுப்பதை அங்கேயே நின்று பார்த்திருக்கிறேன். ஓய்வு எஸ்.ஐ. ஐயா, வில்சன் சாருக்காக எங்கள் வீட்டிலும் அன்று அழுதோம். இதை ஒவ்வொரு மேசையிலும் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? அந்தக் குழுவில் என் அட்டைக்குக் கீழே யாராவது ஏதாவது எழுதியிருப்பார்களா என்று இப்போது யோசனையாக இருக்கிறது.

‘ஓய்வு எஸ்.ஐ.’

தம்பி, சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. உங்களைச் சொல்ல வைத்ததற்கு வருத்தப்படுகிறேன்.

‘14 அறைக்காரர்’

தக்கலைத் தம்பி, நீங்கள் கேட்டதால் குழுவில் பழையதைத் தேடினேன். உங்கள் பெயர் இல்லை. ஆனால் இரண்டு அட்டைகளின் கீழே சக லாட்ஜ்காரர் ஒருவர் கேள்விக்குறி போட்டிருக்கிறார். இரண்டும் ஒரே மாதிரிப் பெயர்கள். நான் அப்போது பார்த்திருப்பேன், பார்த்துவிட்டுக் கடந்திருப்பேன்.

வியாழக்கிழமை நிலையத்துக்குப் போனேன். கையோடு 1991ஆம் வருடப் புத்தகத்தையும் எடுத்துப் போனேன், எதற்கென்று எனக்கே தெரியவில்லை. ஆய்வாளர் இளம் வயது, மரியாதையாக உட்கார வைத்தார். மூன்று விஷயம் சொன்னேன். தினமும் பெயர், ஊர், அறை எண் பட்டியலை நிலையத்தின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலுக்கு அனுப்புகிறேன். தொலைபேசி எண்ணும் ஆதாரும் வேண்டுமானால் ஒரு வரி எழுதிக் கேளுங்கள், ஐந்து நிமிடத்தில் வரும், நள்ளிரவானாலும் வரும். நேரில் யார் வந்தாலும் பதிவேடு திறந்திருக்கும், ஆனால் பார்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும். கார்க்காரன் விஷயத்தையும் சொன்னேன். அதைக் கேட்டபோதுதான் நிமிர்ந்தார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. “மேலே கேட்க வேண்டும்” என்றார். புத்தகத்தை வாங்கிப் பென்சில் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

இரவு 10:40க்குக் குழுவிலிருந்து வெளியேறினேன். அடுத்த நிமிடமே பக்கத்து லாட்ஜ்காரர் அழைத்தார். “உனக்கு மட்டும் என்ன தனிச் சட்டமா?” என்றார். பிறகு குரலைத் தணித்து, எப்படிப் பேசினாய் என்று கேட்டார்.

சனிக்கிழமை இரவு ஓர் ஏட்டு வந்தார். டீ கொடுத்தேன். விரலை ஓட்டித்தான் படித்தார், அந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறதோ. பேனாவை நீட்டினேன். “எங்கே போட வேண்டும்?” என்றார். இப்போதைய பதிவேடு கடையில் விற்கும் சாதாரண வகை, அதில் அதற்கென்று கட்டமே இல்லை. ஓரத்தில் சாய்வாகப் போட்டுவிட்டுப் போனார், தேதியோடு.

கடைசியாக ஓர் உதவி. நாகர்கோவிலில் நாம் சொல்லும் கட்டங்களோடு நீளப் பதிவேடு அச்சடித்துத் துணி அட்டை போட்டுத் தரும் அச்சகம் இன்னும் ஏதாவது இருக்கிறதா? 200 பக்கம், இரண்டு புத்தகம் போதும். சீசனுக்கு முன்னால் வேண்டும்.